டோலோரஸுக்கு எதிராக நான் போட்ட கையெழுத்து

ஓஹாயோ
21 நவம்பர் 1982

அன்பு மகள் லோர்னாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, அந்த அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்கு வான்கோழி வேண்டாம், கோழியே போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள், எனக்கு வேலை போய் ஆறு வாரம் ஆகிறது. ஞாயிறுதோறும் போனில் நீ கேட்டபோதெல்லாம் ஷிப்ட் நன்றாகப் போகிறது என்றேன், அது பொய். அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும்.

டோலோரஸ் ஹாடுக்கை ஆகஸ்டில் எங்கள் பம்பு கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் ஷிப்ட் நடுவில் வேலையைப் போட்டுவிட்டுப் போனாள், அதனால்தான் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். நடந்தது வேறு. அவள் புருஷன் ஆண்ட்ரூ வீட்டு வாசலில் மயங்கி விழுந்துவிட்டான் என்று போன் வந்தது, அவள் பகுதிக்கு மேற்பார்வை நான்தானே, ஓடி வந்து என்னிடம் போகட்டுமா என்று கேட்டாள், இயந்திரச் சத்தத்தில் நான் போ என்று தலையாட்டினேன். மறுநாளே மேனேஜர் ஹார்லன் அவளை அனுப்பிவிட்டான். ஆள் குறைக்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவள் அரசாங்கத்திடம் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்ததும், எதனால் போனாள் என்று கேட்டு கம்பெனிக்கு ஒரு படிவம் வந்தது. அனுமதியில்லாமல் போனாள் என்று அதில் எழுதிவிட்டு ஹார்லன் என்னைக் கூப்பிட்டு, "தலையாட்டினதெல்லாம் அனுமதியா எமெட்? கையெழுத்துப் போடு, இல்லன்னா அடுத்த லிஸ்ட்ல உன் பேரும் வரும்" என்றான். போட்டேன். அவளுக்கு ஒன்றும் கிடையாது என்று பதில் வந்துவிட்டது. அக்டோபரில் வந்த லிஸ்டில் என் பேரும் இருந்தது.

நானும் அந்த உதவித்தொகை அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். வாசல் தாண்டி வரிசை நின்றது, எல்லாம் தெரிந்த முகம்தான், யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த பெண் ஏன் வேலை போனது என்று கேட்டாள், ஆள் குறைப்பு என்றேன், அவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் என் காரியம் முடிந்தது. திரும்பினால் டோலோரஸ். மறுவிசாரணை கேட்ட காகிதத்தோடு நின்றிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள், உன் கையெழுத்து. நடந்ததை உனக்கு எழுதியிருக்கிறாள், அதற்கு நீ எழுதிய பதில், என் அப்பா பொய்க்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை, இனிமேல் எனக்கு எழுதாதீர்கள் என்று. அம்மா வேலைக்குப் போன காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு நீ சாப்பிட்டதெல்லாம் அவள் வீட்டில்தான் லோர்னா. "இந்தப் பொண்ணு இப்படி எழுதினதுதான் எமெட் என்னால தாங்க முடியல" என்றாள்.

விசாரணைக்கு நானே போனேன். ஹார்லன் எதிரே உட்கார்ந்திருந்தான். அதிகாரி அனுமதி கொடுத்தீர்களா என்றார், கொடுத்தேன் என்றேன். அப்படியானால் இந்தக் கையெழுத்து யாருடையது என்றார், அதுவும் என்னுடையதுதான் என்றேன். போன வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது, ஆகஸ்டிலிருந்தே அவளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல சேதி சொல்லலாம் என்று அவள் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் செப்டம்பரிலேயே காலி பண்ணிவிட்டு, ஆண்ட்ரூவோடு தன் அக்கா வீட்டு அடித்தள அறையில் இருக்கிறாள். தேடிப் போனேன், கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "நீங்க வந்து உண்மையைச் சொன்னீங்க, சரி. ஆனா நன்றி சொல்ல வாய் வரல" என்றாள். அதில் தப்பு என்ன இருக்கிறது.

நீ என்னை நம்பினாய், அந்த நம்பிக்கையை வைத்து அவளை அடித்திருக்கிறாய், அந்த அடி என்னுடையது, உன்னுடையது இல்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள், நீ எத்தனை நாள் இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். பணம் எதுவும் அனுப்பாதே, எங்களுக்கு இருப்பதே போதும். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. கடவுள் உங்கள் மூவரையும் பார்த்துக்கொள்ளட்டும். டோலோரஸின் புது முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எனக்குப் பதில் போடுவதற்கு முன்னால் அவளுக்கு எழுது.

உன் அப்பா,
எமெட் கோவாலிக்