ஊர்க்காரர்கள் மட்டும்

புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு, தலைவலி தருகிற வாசனை. இன்று காலை திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அது மூக்கில் ஏறியது. நிமிர்ந்தேன். ஏரிக்கரை முனையில் உன் முகம், ஆளுயரத்துக்கு. கீழே உன் பெயர் போட்டு ‘முதலாம் ஆண்டு நினைவுக் கோப்பை. இவண்: ஊர் இளைஞர்கள்.’

ரயிலை விட்டுவிட்டேன்.

நீ போளூர், நான் விருத்தாசலம். ஒரே வாடகை வீடு. பொங்கலுக்கு ஊர்ப்பையன்கள் நடத்தும் கிரிக்கெட்டில் வாடகைக்காரர்களுக்கு இடமில்லை. உன்னை மட்டும் அம்பயராக நிறுத்தினார்கள். வெளியூர்க்காரன் ஒரு பக்கம் சாயமாட்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், நீ சிரிப்பாய்.

“விடு மச்சான், கிரவுண்டுக்குள்ள நிக்கிறேன்ல. என்னிக்காவது ஒரு ஓவர் ஆட உடுவானுங்க.”

ஒவ்வொரு பொங்கலுக்கும் உன் பையில் கிளவுஸ் இருந்தது. போன பொங்கல் முடிந்த கையோடு ஆவடி சாலையில் லாரி மோதிப் போய்விட்டாய். பிணவறை வாசலில் அந்தப் பையன்கள் அத்தனை பேரும் சாப்பிடாமல் நின்றார்கள். அதை மறைக்கமாட்டேன்.

பேனரைக் கடைசி வரி வரை படித்தேன். சின்ன எழுத்தில்: ‘சொந்த ஊர்க்காரர்கள் மட்டும் ஆடலாம். ஆதார் அவசியம்.’

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் ஊர் டீம் கேப்டன்.

“என்னண்ணா இது? அவன் பேர்ல கப்பு. அவனே ஆட முடியாதே.”

“வருஷா வருஷம் போடுற லைன் நைனா. டிசைன் பண்ணவன் அப்டியே உட்டுட்டான்.”

“அப்ப எடுத்துடுங்க.”

“அத்த ஊர்ல கூடிப் பேசணும்.”

“அவன் இப்ப உயிரோட வந்து நின்னா?”

கயிற்றைப் பிடித்தபடி உன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். கண் கலங்கியிருந்தது.

“அப்பவும் ஊர்ல கேக்கணும் நைனா.”

பொய்யாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அழுதுகொண்டே இதைச் சொல்ல ஒருவரால் முடியும் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டார்.

“இந்த வருஷம் அவன் எடத்துல நீ அம்பயரா நில்லு. நீயும் வெளியூருதான?”

ஆபீஸில் ஒரு தப்பான வரிக்காக மேனேஜரோடு மல்லுக்கு நிற்பவன் நான். தலையாட்டிவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன். அவர் கை என் தோளில் இருந்தபோது நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் போகவில்லை. முதல் தடவை உன்னைக் கேட்டபோது, நீயும் இப்படித்தான் தலையாட்டினாயா?