மாப்பிள்ளை கொடுத்த மீன்

நவம்பர் 9, ஞாயிறு

விடியலிலிருந்து சாரல். ஹாலில் இருக்கும் கடல் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். உப்பு கலக்கி, பாதி மாற்றுவதற்குள் பொள்ளாச்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அண்ணன் மகள் கீர்த்திக்குக் கல்யாணம் உறுதி பண்ண. ஈரக் கையோடு கும்பிட்டேன்.

மாப்பிள்ளைப் பையன் நல்ல உயரம், சிரித்த முகம். தேங்காய் நார் தொழில். பழத்தட்டோடு ஒரு பாலித்தீன் பையும் கொண்டுவந்தான். உள்ளே ட்ரிகர் மீன். கறுப்பு உடம்பு, வயிற்றில் வெள்ளை வட்டம் வட்டமாக, மஞ்சள் உதடு. இப்போது கட்டைவிரல் நீளம்தான்.

"கீர்த்தி ஊட்டுல பெரிய தொட்டி இருக்குதுன்னாங்க. அதான் மாமா, ஆசைக்கு ஒண்ணு. உடுங்க பாப்போம்."

வளர்ந்தால் கூட இருப்பதையெல்லாம் கடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியில் கொஞ்ச நாள் தனியாக வைத்து, மற்ற மீன்களுக்குப் பழக்கிவிட்டு விடலாம் என்றேன்.

"இப்பவே உடு செந்திலு. அவங்க பாக்கோணுமல்ல." அண்ணன்.

விட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். கேசரி நன்றாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

வெயில். பட்டறையில் மோட்டார் காயில் வேலை குவிந்து கிடக்கிறது. அண்ணன் கல்யாண மண்டபம் பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும்.

தொட்டியில் இன்றைக்கு:
மஞ்சள் டேங் மீன். இருப்பதில் இதுதான் ரவுடி.
கோமாளி மீன் ஜோடி.
குரோமிஸ், சின்ன மீன் கூட்டம்.
மாண்டரின் மீன் ஒன்று. கீர்த்தியின் செல்லம். கண்ணாடிக் குழாயில் தீனி எடுக்கப் பழக்கியது அவள்தான்.
துப்புரவு இறால் ரெண்டு. நத்தைகள்.
பவளம், எண்ணவில்லை.

புது மீனை டேங் விரட்டு விரட்டென்று விரட்டுகிறது. தொட்டிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். தன் உருவத்தோடேயே சண்டை போட்டு ஓய்ந்தது. தீனியையும் ரெண்டு மூலையில் போடுகிறேன். ட்ரிகர் பாறை இடுக்கில் முள்ளை விறைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிறது. பார்க்கப் பாவமாக இருந்தது.

கீர்த்தி: "நான் போயிட்டா மாண்டரினுக்கு ஆருங்க சித்தப்பா தீனி குடுப்பா?"

நான்தான், வேறு யார்.

நவம்பர் 29, சனி

குளிர் ஆரம்பம். இறால் ரெண்டும் இல்லை. மீசை ஒன்று மட்டும் வடிகட்டியில் கிடந்தது. நத்தை ஓடுகள் காலி. ட்ரிகர் ஒரு சுற்று பெருத்துவிட்டது. டேங் இப்போது ஒதுங்கிப் போகிறது.

அண்ணியிடம் சொன்னேன். மாடியில் சின்னத் தொட்டி சும்மா கிடக்கிறது, அதில் மாற்றிவிடுகிறேன் என்று.

"ஏனுங்க தம்பி, ஞாயித்துக்கெழம ஆனா மாப்ள போன்ல மீனைக் காட்டச் சொல்றாரு. காணோம்னா என்னன்னு சொல்றது? அவங்க குடுத்ததை ஒதுக்கி வெச்சுட்டோம்னு ஆயிராதா?"

மாடியிலும் போனில் காட்டலாமே என்றேன். அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

முழு நாளும் தொட்டிக்குள் கை. பாறைகளை எல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கினேன். இடம் மாறினால் 'இது என் எல்லை' என்கிற திமிர் கொஞ்சம் குறையும். குறைந்தது, சாயங்காலம் வரை. ஆறு மணிக்குப் பெண் கோமாளியின் வாலில் ஒரு துண்டைக் காணோம். அடிக்கிற முன்னால் ட்ரிகர் உறுமுகிறது. கண்ணாடிக்கு வெளியே கேட்கிறது.

என் விரலிலும் கடி. பிளாஸ்திரி.

முதுகு வலி. தைலம் வாங்க வேண்டும். தொட்டியை ஒட்டிய டைல்ஸ் உப்புப் பூத்துவிட்டது என்று அண்ணன் சத்தம். கல்யாணத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்களாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

ட்ரிகரைப் பிடித்துவிட்டேன். கதவு வைத்த பெட்டிக்குள் மட்டி இறைச்சி கட்டி, கதவு நூலைக் கையில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் நூலை விட்டேன். மாடித் தொட்டியில் போட்டாகிவிட்டது. ஹால் தொட்டியில் எல்லாம் வெளியே வந்து நீந்தின. மாண்டரின்கூட. கீர்த்தி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

டிசம்பர் 22, திங்கள்

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையில் ஆட்கள் முன்னாலேயே.

"பத்திரிகை குடுக்கறதுக்குச் சம்பந்தி நாளைக்கு வாராரு. ஒரு மீனுக்காவ என்னைய அசிங்கப்படுத்தோணுமா? கல்யாணம் முடியற வரைக்கும் பொறுக்க மாட்டயா?"

அதற்குள் எல்லாம் செத்துப்போகும் என்றேன்.

"செத்தா வேற வாங்கிப்போடலாம்."

வீட்டுக்கு வந்தால் அண்ணி. சத்தமில்லாமல், தோசை ஊற்றிக்கொண்டே: "குடும்பம் நடத்தியிருந்தாத் தெரியுமுங்க தம்பி, பொண்ணைக் கட்டிக் குடுக்கறது எப்படின்னு."

தோசையைச் சாப்பிட்டேன். மாடிக்குப் போனேன். ட்ரிகரை மொண்டு வந்து நானே ஹால் தொட்டியில் விட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

பனி. குரோமிஸ் ஒன்றுகூட இல்லை. ஆண் கோமாளி செத்தது. டேங்குக்கு ஒரு கண் போச்சு. பவளத்தை ட்ரிகர் பிடுங்கிப் பிடுங்கி மணலில் எறிந்திருக்கிறது. தின்னவும் இல்லை, சும்மா எறிகிறது.

மாண்டரினைக் காணோம். கீர்த்தி கேட்டாள். பாறைக்குப் பின்னால் இருக்கும் கண்ணு என்றேன். நம்பவில்லை, ஆனால் தலையாட்டினாள். ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகவேண்டும் என்று கிளம்பினாள்.

ஜனவரி 11, ஞாயிறு

டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னார், பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

"மாப்ளைக்குத் தொட்டி ரொம்பப் புடிச்சுப்போச்சு. சீரோட சேத்துக் குடுத்தர்றேன்னு சொல்லிப்போட்டேன்."

"எந்தத் தொட்டிங்கண்ணா?"

"எந்தத் தொட்டி? இதுதான். உனக்கு அப்பறமா ஒண்ணு பண்ணிக்கலாம்."

இந்த வீடு கட்டும்போது தளத்தில் கூடுதல் கம்பி போடச் சொல்லி, மேஸ்திரியோடு நின்று எழுப்பிய மேடை. பாறையில் இருக்கும் ஊதாப் பாசி பிடிக்க எத்தனை வருஷம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கீர்த்திக்குத்தானே என்று கொடுத்திருப்பேன். அதுதான் எரிகிறது.

ஜனவரி 13, செவ்வாய்

பட்டறைக்கு லீவு. வடவள்ளியில் ஒரு டீச்சரம்மா தொட்டி வைத்திருக்கிறார். பெண் கோமாளி, ஒற்றைக்கண் டேங், மிச்சமிருந்த பவளம் எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொட்டியைக் கேட்டார்கள், தொட்டி போகட்டும். இதுகளை எவரும் கேட்கவில்லை.

டீச்சரம்மா: "திரும்ப வேணும்னா வாங்கிக்குங்க சார்."

வேண்டாமுங்க என்றேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்திருந்தான். பெரிய தொட்டி, வெறும் பாறை, நடுவில் அது மட்டும். "இப்பத்தான் மாமா கம்பீரமா இருக்குது" என்றான். மனசாரச் சொன்னான்.

பிப்ரவரி 5, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்து ஒரு வாரம். இன்று தொட்டி போனது. டெம்போ, ஆறு ஆள். பொள்ளாச்சியில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். தண்ணீர் குளிர்விக்கும் சில்லர் மிஷினை நிறுத்தவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"வாரத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்குங்க மாமா. உங்களுக்கும் பொழுது போவுமல்ல." மாப்பிள்ளை.

கீர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புதுத் தாலிக்கொடி கழுத்தில் உறுத்துகிறது போல, தடவிக்கொண்டே இருந்தாள்.

ஹாலில் காலி மேடை. அண்ணி அதில் குத்துவிளக்கு வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பஸ்ஸில் பொள்ளாச்சி. உக்கடத்திலிருந்தே நின்றுகொண்டு. வெயில் இப்போதே கொளுத்துகிறது.

மாப்பிள்ளை வெளியூர். கீர்த்தியின் மாமியார் யாரோ விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து உள்பக்கம் குரல் கொடுத்தார்: "தொட்டி பாக்கறவரு வந்திருக்காரு, தண்ணி கொண்டா."

தண்ணீர் கொண்டுவந்தது கீர்த்தி. "எங்க சித்தப்பாங்க" என்றாள், விருந்தாளியிடம். மாமியார் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

கரண்ட் ஆகிறதென்று சில்லர் மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பு. ட்ரிகர் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. கையை விட்டேன், கடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு மனசு குளிர்ந்தது. சாகட்டும் என்று கையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

கீர்த்தி மெதுவாக: "இது போயிருச்சுன்னா தொட்டிய வித்துப்போடலாம்கறாங்க அத்தை."

"வித்துட்டுப் போறாங்க, உடு கண்ணு."

"அப்பறம் நீங்க எதுக்குங்க வருவீங்க?"

அண்ணன் அண்ணி மறுவிருந்துக்குப் பிறகு போகவில்லை. சும்மா சும்மா போனால் சம்பந்தி வீட்டில் ஒரு மாதிரி நினைப்பார்களாம்.

சில்லர் மிஷினைப் போட்டேன். ட்ரிகரைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பில் எடுத்து, கொண்டுபோயிருந்த செம்பு மருந்து விட்டு, காற்று மோட்டார் வைத்தேன். மருந்து அளவை கீர்த்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாமியாரிடம் கை கட்டி நின்று கேட்டுக்கொண்டேன், மிஷின் ரெண்டையும் நிறுத்தாதீங்க என்று. சரி என்றார்.

மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்ல முடியாது. இந்தச் சனியனுக்காக.

பிப்ரவரி 18, புதன்

பட்டறையில் வேலை ஓடவில்லை. போனைப் பார்த்துப் பார்த்து. அண்ணன் கேட்டார், உடம்பு சரியில்லையா என்று.

நாலு மணிக்குக் கீர்த்தி கூப்பிட்டாள். மட்டி இறைச்சியைக் குழாயில் நீட்டினாளாம், எழுந்து வந்து பிடுங்கித் தின்றதாம். விரலையும் கடித்துவிட்டதாம்.

"ரத்தம் வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சுங்க சித்தப்பா." சிரித்தாள்.