அப்பாவின் ஹாலஜனும் என் பாடப்புத்தகத்து ஹாலஜனும்

எங்கள் வீட்டு வோல்டேஜான அருமை அப்பாவுக்கு,

அங்கே கரண்ட் கட் இல்லாமல் இருக்கிறதா? இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. ஐந்தருவி ரோட்டில் பழக்கடைகள் முளைத்துவிட்டன. போன சீசன் வரைக்கும் அந்தக் கடைகளுக்கெல்லாம் லைட் கட்டியது நீங்கள். இந்த வருஷம் வேறு யாரோ கட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன். நான் தலை குனிந்து நடப்பதைப் பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

ஒரு கேள்வி கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் பிளஸ் ஒன். அடுத்த வருஷத்துக்கு ஆகுமென்று பக்கத்து வீட்டு அக்கா தன் பழைய கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். அதைப் புரட்டிய நீங்கள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தீர்கள்.

“ஏட்டி, இங்கன ஹாலஜன்னு போட்டிருக்கே. நம்ம லைட்டத்தான் சொல்லுதானா?”

“இல்லப்பா. இது தனிமங்கள்ல ஒரு குடும்பம். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்னு அண்ணன் தம்பிங்க.”

“அப்ப நம்ம லைட்டுக்கு எதுக்கு அவங்க பேர வச்சான்? சொந்தமா?”

“மாமன் மச்சான் முறையா இருக்கும். அடுத்த வருஷம் பாடம் நடத்துவாங்க, கேட்டுச் சொல்லுதேன்.”

“செரி, அடுத்த வருஷம் சொல்லு” என்றீர்கள். அடுத்த வருஷமாம்! ரெண்டு பேருக்கும் என்ன ஒரு தைரியம்.

அந்த அடுத்த வருஷம் வந்துவிட்டது அப்பா. போன வாரம் பாடம் நடத்தினார்கள். ஹாலஜன் என்றால் உப்பை உண்டாக்குவது என்று அர்த்தமாம். தமிழில் உப்பீனி. அந்தக் குடும்பத்துக் குளோரின் சோடியத்தோடு சேர்ந்தால் நம் அடுப்படியில் இருக்கும் சாப்பாட்டு உப்பு. “அப்படின்னா எங்க அம்மாவும் உப்பீனிதான்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடைசி நாள் காலையில் குழம்பில் உப்பு கூடிப்போனதென்றுதானே சண்டை? தட்டைத் தள்ளிவிட்டு லைட் கட்டப் போனீர்கள். மத்தியானம் ஸ்டூலில் ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தீர்கள். அதோடு சரி.

வகுப்பில் கை தூக்கினேன். “டீச்சர், அப்ப ஹாலஜன் லைட்டுக்குள்ள உப்பா போட்டிருக்காங்க?” எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும், “நல்ல கேள்விதான் கேக்கா” என்றார்கள்.

சொந்தம்தான் அப்பா. நீங்கள் மாட்டுகிற குச்சி பல்புக்குள் துளியூண்டு அயோடினோ புரோமினோ இருக்கிறதாம். எரிகிற சூட்டில் டங்ஸ்டன் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் பறக்கும். ஹாலஜன் அதை ஓடிப் பிடித்துக் கம்பியிலேயே கொண்டுவந்து விட்டுவிடும். அதனால்தான் கண்ணாடி கறுக்காமல் அவ்வளவு வெளிச்சம். ஆனால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க அதற்குத் தெரியாதாம். எங்கேயாவது மெலிந்து மெலிந்து, கம்பி ஒருநாள் அறுந்துதான் போகும். இதை உங்களிடம் சொல்லியிருந்தால், சீசன் முழுக்கக் கடை கடையாக நின்று “எம்மவ சொன்னா” என்று அளந்திருப்பீர்கள்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார்கள். அந்தப் பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது. கையிலுள்ள எண்ணெய் ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிக் கண்ணாடி வெடித்துவிடும். நீங்கள் எப்போதும் பேப்பரில் சுற்றித்தான் மாட்டுவீர்கள். யாராவது உதவிக்கு வந்தால், “கைய வைக்காதிய, அதுக்குக் கூச்சம்” என்பீர்கள். நான் அதைத் தமாஷ் என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் சொன்னதும் எனக்கு நம் வாசல் ஞாபகம் வந்தது. ஊரில் சாவு விழுந்த துஷ்டி வீடுகளுக்கெல்லாம் லைட் கட்டியவர் நீங்கள். நீங்கள் போன அன்றைக்குச் சாயங்காலம் நம் வாசலில் லைட் கட்ட ஆள் இல்லை. உங்களைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் வரிசையாகத் தலையில் எண்ணெய் வைத்தார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் நம் மாமா, பழக்கதோஷத்தில் உச்சியில் சூடு பறக்கத் தேய்த்தே விட்டார். அழுதுகொண்டே அதே கையால் புதுப் பல்பை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் டமார். வாசலே இருட்டு. கூட்டத்தில் யாரோ, “மனுசன் மனசு ஆறாமப் போயிருக்காரு” என்றார்கள்.

அம்மா அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டாள். நீங்கள் அவள் மேல் கோபத்தோடுதான் போனீர்கள் என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். குழம்பில் உப்பே போடுவதில்லை. நான் தனியாகப் போட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடினேன். மாமாவும் இருந்தார்.

“எம்மா, பல்பு வெடிச்சது அப்பா கோவத்துல இல்ல. மாமா கை எண்ணெய்ல.”

“யாரு சொன்னா?”

“கெமிஸ்ட்ரி டீச்சர்.”

“அவளுக்கு உங்கப்பாவத் தெரியுமாக்கும்?”

“அப்பாவத் தெரியாது. பல்பத் தெரியும்.”

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். மாமா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எக்கா, அப்ப அத்தான் வெடிக்கல. நாந்தான் வெடிச்சிருக்கேன்.”

“போலே, எண்ணெய்ச் சட்டி” என்று அம்மா சிரித்தாள் அப்பா. நிஜமாகவே சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கம் திரும்பினாள்.

“செரிட்டி, பல்பு எண்ணெயால வெடிச்சுது. அவுக சாப்பிடாமப் போனது?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் வாய் இது. அன்றைக்கு ஏதோ தமாஷ் பண்ணிவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். ஸ்டூலில் ஏறும்போது உங்களுக்குக் கோபம் இருந்ததா, இல்லை மறந்தே போய்விட்டீர்களா? சாயங்காலம் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் “என்ன குழம்பு?” என்று கேட்டிருப்பீர்களா? நான் யாரிடம் கை தூக்குவது?

அடுத்த வாரம் உங்களுக்கு வருஷத் திதி. அம்மா அன்றைக்கும் அதைக் கேட்பாள். அதற்கப்புறமும் கேட்பாள். ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. அவள் கேட்கும்போதெல்லாம், தமாஷ் பண்ணித் தப்பித்து ஓடமாட்டேன். எனக்கும் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பதில் சொல்லப் பிந்திப்போன,
உங்கள் வாயாடி மகள்
செல்வி