காசு கொடுத்து ஏறும் மலை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், டிவி எங்களைவிட சுகம், நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அப்புறம் நான் பேசுவது எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரிந்துபோகிறது.

உன் அம்மா தினம் பார்க்கிற சீரியலை எடுத்த தீவுக்கு நாம் நாலு பேரும் போக நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம் வந்தது. மாப்பிள்ளை கட்டம் கட்டமாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அடித்திருக்கிறார், எங்கள் டிப்போவில் அத்தனை பஸ்ஸையும் ஓட விடுகிறவர்கள்கூட இவ்வளவு கலர் செலவழிப்பதில்லை. ஒரு நாள் சீரியல் நாயகியின் வீட்டு வாசல், ஒரு நாள் மாமியார் அவளைத் துரத்திவிட்ட பாலம், ஒரு நாள் நாயகன் உருண்டு விழுந்த மலை. அந்த வீட்டில் வாசல் மட்டும்தான் நிஜம், உள்ளே காட்டியதெல்லாம் வேறு எங்கோ எடுத்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். உள்ளே ஒன்றுமில்லாத வீட்டு வாசலில் நின்று போட்டோ பிடிக்க டிக்கெட் வேறு. நம் வீட்டு வாசலில் ஓசியில் நிற்கலாம், உள்ளே சமையலறையும் உண்டு, ஆனால் அதற்கு உனக்கு லீவு கிடைப்பதில்லை. அந்த நாயகன் கதையையும் கேள், மலையிலிருந்து விழுந்தவன் வேறு மூஞ்சியோடு திரும்பி வந்தான், சம்பளத் தகராறில் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும், உன் அம்மா மட்டும் அவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்தா மூஞ்சி மாறாதா என்கிறாள். சீரியலில் நாயகி பின்கதவைத் திறந்தால் எதிரே மலை. அதனால் காலையில் வீடு, அப்படியே பின்பக்கமாக மலை, மத்தியானம் ஒரு தூக்கம் என்று இவளே தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறாள். வீடு தீவின் இந்தக் கோடி, மலை அந்தக் கோடி என்று மாப்பிள்ளை போட்ட வரைபடத்தைக் காட்டினேன். பாவம் மாப்பிள்ளை, எவனோ ஏஜென்ட் நல்லா ஏமாத்திட்டான், தினம் பாக்குற எனக்குத் தெரியாதா என்று அவருக்காக வருத்தப்பட்டாள்.

இதில் மலை ஏறுவது வேறு. நடக்க அலுத்தவர்களை உட்காரவைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு, அந்த டிரைவரிடமே காசு வாங்கிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள், மேலே போய் என்ன என்றால் கீழே தெரியுமாம், கீழே நின்றாலும் கீழேதானே தெரிகிறது. ஆனால் மாப்பிள்ளை என் பெயருக்கு நேரே சாம்பல் கலர் அடித்து, மாமா காரில் காத்திருப்பார் என்று எழுதியிருந்தாரே, அதுதான் சுருக்கென்றது. மூட்டை முடிச்சுக்குக்கூட நல்ல பச்சைக் கலர் கொடுத்திருக்கிறார்.

உன் அம்மா அன்றைக்கே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். புது ஷூவை மாட்டிக்கொண்டு என் ரூட்டிலேயே நடக்கிறாள். போன வாரம் மேம்பாலத்து ஏற்றத்துக்கு முந்தின ஸ்டாப்பில் பார்த்தேன், பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தேன், அவளோ யாரோ ஊர்பேர் தெரியாத டிரைவருக்குச் சொல்வதுபோல் நீங்க போங்க, நான் வரல என்று கையை ஆட்டினாள். அண்ணே, அக்கா கோவமா என்று கண்டக்டர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான், பஸ்ஸே சிரித்தது. எனக்கும் ரோஷம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே நானும் நடந்தேன். ஏற்றத்தில் பாதிகூடப் போகவில்லை, மூச்சு நம் பழைய மிக்ஸி மாதிரி கத்தியது. பின்னால் வந்த பஸ்ஸில் நம் டிப்போ ஆள், வா மாமா, சீட் காலியா இருக்கு என்றான், மானத்தைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். மேலே டிராபிக்கில் பஸ் நின்றது, உன் அம்மா என் ஜன்னலைத் தாண்டி நடந்து போனாள், நான் குனிந்துகொண்டேன்.

டாக்டரிடம் காட்டினேன், பயப்பட ஒன்றுமில்லை, உட்கார்ந்தே ஓட்டிய உடம்பு, ஏற்றம் மட்டும் வேண்டாம் என்றார். அவளிடம் சொன்னேன். அதற்கென்ன, நானும் ஏறல, ரெண்டு பேரும் கார்லயே உக்காந்து பேசிக்கிட்டிருப்போம், புள்ளைங்க போயிட்டு வரட்டும் என்று ஷூவைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். அன்றைக்குச் சீரியல்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவளுக்கு மலையும் வேண்டாம், நாயகன் விழுந்த இடமும் வேண்டாமாம். உட்காந்து பேசினா பாப்பா போனைப் பாக்குறா, மலையில நடக்கும்போது பாக்க முடியாதே, ஒரு நாள் முழுக்க எம் பொண்ணு எங்கூடப் பேசுவா என்று நினைத்துத்தான் நடந்தாளாம்.

அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டார், நானும் ஏறுகிறேன் என்று அவளிடம் புளுகிவிட்டேன், ஷூ மறுபடி வெளியே வந்துவிட்டது. மலையடியில் நானும் உங்களோடு ஜம்பமாகக் கிளம்புவேன். முதல் வளைவில் ஷூவில் கல் என்று சொல்லி உட்காருவேன். நீ நிற்காதே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போ, உன் ஆபீஸ் கதையோ மாப்பிள்ளை மேல் இருக்கிற குறையோ எதையாவது ஆரம்பி, குறை என்றால் அவள் சீக்கிரம் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவரு தனியா இருப்பாரே என்று நடுவில் இறங்கப் பார்த்தால் விடாதே. மாப்பிள்ளையை என்னிடம் அனுப்பிவிடு, கலர் பென்சிலோடு அவர் எனக்குத் துணை இருக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். இதைப் படித்ததாக அம்மாவிடம் வாய்தவறிக்கூடச் சொல்லாதே. அன்றைக்கு ஒரு நாள் உன் போனை மறக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு ஏறு, யார் கூப்பிட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் வளைவு வரை உன்னோடு வரும்
அப்பா