மஞ்சள் பொம்மை முகங்கள்

செவ்வாய் இரவு, விழுப்புரம்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் வாசிக்கும் போட்டோக்களைப் போன வாரம் இணைய ஆல்பத்தில் ஏற்றினேன். பெற்றோரிடம் வாட்ஸ்அப் குரூப்பில் சம்மதம் கேட்டிருந்தேன். பதில் வராத பிள்ளைகளின் முகத்தில் மஞ்சள் சிரிப்புப் பொம்மை ஒட்டிவிட்டேன். விதிப்படி சரிதான்.

இன்று தீபிகாவின் அம்மா நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். நிலத்துக்காரம்மா அந்த ஆல்பத்தில் தன் மகன் போட்டோவைப் போனில் காட்டியபோது பார்த்தாராம்.

"எம் பொண்ணு மூஞ்சிய ஏன் டீச்சர் மூடி வச்சிக்கீறீங்க? நல்லாத்தானே கீது?"

"குரூப்ல கேட்டேனேம்மா. நீங்க பதிலே போடலையே."

இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "இதுல எங்க டீச்சர் வரும்? பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேலைக்குப் போய்க்கினே ஒரு எட்டு வந்து சரின்னு சொல்லியிருப்பேன்."

அங்கேயே பொம்மையை எடுத்தேன். அதற்கடியில் தீபிகா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். என்னால்தான் முடியவில்லை.

இப்போது ஆல்பத்தை மறுபடி திறந்தேன். மீதிப் பொம்மைகளுக்குப் பின்னால் யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அத்தனையும் காலனிப் பிள்ளைகள்.