ஃபஹீமுக்காகப் போட்ட கையெழுத்து

புதுச்சேரி,
மார்ச் 3, நோன்பு 13.

என் அருமை மகன் ஃபஹீமுக்கு அம்மா ரமீஜா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பாரிஸில் நீயும் நூரீனும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால். நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த அங்கன்வாடி டீச்சர் சுமலதா, எதிர்வீட்டுக் கமலா. மூன்றே பேர். அத்தா லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். யாராவது உன்னைக் கேட்டால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

சுமலதா மூன்று படிவம் கொடுத்தாள். அத்தாவுடையதும் என்னுடையதும் முடிந்தது. உன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு பையன் எங்கே என்றாள். வெளியூர் போயிருக்கான் என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. நம் தெருவில் வேறு எப்படிச் சொல்கிறோம்? காரைக்கால் போனாலும் வெளியூர்தான், பாரிஸ் போனாலும் வெளியூர்தான். அவள் விழுப்புரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சென்னையோ பெங்களூரோ என்று எண்ணிக்கொண்டாள். "நிரந்தரமா போயிட்டாருன்னு போடட்டுமா, இல்ல வருவாராம்மா?" என்று கேட்டாள். வருவான் என்று வாயில் வந்துவிட்டது.

வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். எனக்குப் பேனா ஓடவில்லை. கமலாதான், "பேரனுக்குப் பேரு வெக்கிற மாதிரி யோசிக்கிறியேக்கா, போடு. அவங்க இன்னும் அம்பது வீடு ஏறி எறங்கணும்" என்றாள். போட்டுவிட்டேன். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் வீட்டையே துருவுவார்கள் என்று அந்த மாதம் தெருவெல்லாம் பேச்சு. அந்தப் பயமும் இருந்தது.

பட்டியல் வந்தபோது உன் பெயரும் இருந்தது. அத்தாவுக்கு ஒரே பெருமை. நீ பெருநாளுக்கு வந்து, தேர்தல் முடியும்வரை இருந்து, அவரோடு ஓட்டுப் போடுவாய் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நீயும் போனில் "பார்க்கலாம்த்தா" என்றாயாம்.

போன வெள்ளிக்கிழமை, உன்னோடு படித்த வெற்றிவேல் வாசலில் வந்து நின்றான். இப்போது கட்சிக்குப் பூத் ஏஜெண்ட். "ஃபஹீமு பேரு இன்னும் இருக்கேம்மா? அங்கியே நேஷனாலிட்டி வாங்கிட்டான்னு பசங்க சொல்றானுங்க. கட்சியில ஆட்சேபம் குடுத்திருக்கோம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். நோன்புக் கஞ்சி கொடுக்கட்டுமா என்றேன். தூக்குவாளி கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனான்.

நேற்று நோட்டீஸ் வந்தது. 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை. நீ இந்தியக் குடிமகன் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். படிவத்தின் நகலை எடுத்து, அன்று படிக்காமல் விட்ட பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பொய்யான தகவலுக்கு ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது. அதன் கீழேயே என் கையெழுத்து.

சாயங்காலம் சுமலதா ஓடி வந்தாள். "வெளியூர்னீங்களேம்மா, வெளிநாடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? என் வேலைக்கில்ல வேட்டு வெச்சிட்டீங்க" என்று அழுதாள். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறவள். அவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. வாசலில் வண்டி நின்றால் ஜன்னலில் போய்ப் பார்க்கிறேன். "என்னடி, மொகமே செத்துப் போயிருக்கு?" என்று அத்தா கேட்கிறார். நோன்பு அசதி என்கிறேன். நோன்பு வைத்துக்கொண்டு அந்தப் பொய்யையும் சொல்கிறேன். நோட்டீஸ் வந்தது அவருக்குத் தெரியாது.

போனில் அவர் பக்கத்திலேயே இருப்பார், நானாக உனக்குப் போன் போடவும் தெரியாது. அதனால்தான் நாளை மறுநாள் அங்கே வரும் நூரீன் தங்கை மஹீராவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த நாட்டு நேஷனாலிட்டிக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்றாய். பிறகு நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். கிடைத்துவிட்டதா?

இல்லை என்றால் இந்திய பாஸ்போர்ட் நகலை அனுப்பு. கிடைத்துவிட்டது என்றால், அத்தா எவ்வளவு கூப்பிட்டாலும் ஓட்டுப் போட என்று மட்டும் வந்துவிடாதே. பூத்தில் உன்னைப் பிடித்தால் நான் தாங்க மாட்டேன். 12ஆம் தேதி நானே போய், டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்து என்னுடையது, என் மகன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்வேன். அதற்கு முன்னால் அத்தாவிடம் சொல்ல வேண்டும். அவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை மகனே. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

நீ எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அல்லாஹ் உன்னை ஈமானோடும் சுகத்தோடும் வைத்திருக்கட்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இங்கே சாயங்காலம் அத்தா அஸர் தொழப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு. ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று சொன்னால் போதும். சீக்கிரம் பதில் சொல்.

உன் அம்மா,
மொ. ரமீஜா