விறகடுக்கின் அடியில் ஒரு ரென் குருவி

துலூத், மின்னசோட்டா
9 ஜனவரி 1984

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், நீ நம்பமாட்டாய், ஆனாலும் நலம். பக்கத்து வீட்டு ஆர்லீன் உனக்குப் போன் போட்டு வத்தி வைத்தாளாமே? "உங்கம்மா பனியில குந்திக்கிட்டு விறகோட பேசுறாங்க"ன்னு? விறகோடு இல்லையடி. விறகடுக்கின் அடியில் ஒரு ரென் குருவி இருக்கிறது. கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம், வாலைத் தூக்கிக்கொண்டு எலி மாதிரி ஓடும். இதற்குப் போய் முதியோர் இல்லத்தில் இடம் விசாரிக்கிறாயே, நியாயமா? இந்த வீட்டை விட்டால் நான் செத்தேன்.

அம்மா

டூசான், அரிசோனா
16 ஜனவரி

அன்புள்ள அம்மா,

இங்கே பறவைச் சங்கத்து ஆளிடம் கேட்டேன். "ஜனவரியில துலூத்லயா? ரென் எல்லாம் எப்பவோ தெற்கே போயிருக்கும். படம் இருந்தா காட்டச் சொல்லுங்க. படம் இல்லன்னா பறவையும் இல்ல" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கிறிஸ்துமஸ் விருந்தில், செத்துப்போன அப்பாவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாயே, நான் என்னவென்று நினைப்பது? சரி, ஒரே ஒரு படம் அனுப்பு. குருவி இருந்தால் இல்லத்துப் பேச்சை எடுக்கமாட்டேன். சத்தியம்.

உன் சிக்ரிட்

துலூத்
25 ஜனவரி

சிக்ரிட் கண்ணு,

தட்டு வைத்தது பழக்கதோஷம். அதை விடு.

எத்தனை பிலிம் ரோல் வீணாய்ப் போயிற்று! கழுவி வந்ததெல்லாம் விறகுதான். படம் கழுவித் தரும் மருந்துக்கடைக்காரன், "என்ன பெரியம்மா, விறகுக்கடை போடப் போறீங்களா?" என்கிறான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, நான்தான் இல்லாததைப் பார்க்கிறேனோ என்று பயம் பிடித்து ஆட்டியது.

இன்று காலை அது என் முன்னால் வந்து நின்றது! குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவை அமுக்கினேன். கழுவிப் பார்க்கப் பொறுமையில்லை, ரோலை அப்படியே அனுப்புகிறேன். எனக்குப் பைத்தியம் இல்லை, சிக்ரிட். நீ கொடுத்த வாக்கை மறந்துவிடாதே.

அம்மா

டூசான்
2 பிப்ரவரி

அம்மா,

குருவி இருக்கிறது. அதன் கண்கூடத் தெளிவாகத் தெரிகிறது. சங்கத்து ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உன்னை நம்பாததற்கு என்னை மன்னித்துவிடு.

ஆனால் படத்தின் கீழே, குருவிக்குப் பக்கத்தில், உன் கால்கள் இருக்கின்றன. பனியில் வெறுங்கால். விரல்களெல்லாம் வெளுத்துப் போய். அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபது என்கிறாள் ஆர்லீன். என்னால் தாங்க முடியவில்லை, அம்மா. சத்தியத்தை மீறுகிறேன். முதியோர் இல்லத்தில் உனக்கு அறைக்குச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

சிக்ரிட்

துலூத்
6 பிப்ரவரி

சிக்ரிட்,

பூட்ஸ் போட்டு நடந்தால் இந்தக் குளிரில் பனி கிரீச்சென்று கத்தும், குருவி ஓடிவிடும். காலுறை பனியில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கழற்றினேன். புத்தி இருப்பவள்தானே இப்படியெல்லாம் யோசிப்பாள்? நீ படம் கேட்டாய். கேட்காவிட்டால் நான் ஏன் கழற்றப் போகிறேன்?

இரண்டு கால்விரல் குளிரில் உறைந்து கறுத்திருக்கிறது. ஆர்லீனிடம் சொல்லாதே.

மல்லுக்கு நிற்க என்னிடம் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, காபி போட்டு வைக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வா. எடுத்தவள் நான், இன்னும் பார்க்கவில்லை.

அம்மா